போசி காலியாகத் திரும்பவில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. பன்னிரண்டு தறி வைத்துக் கூலிக்கு நெசவு ஓட்டுகிறேன். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. எல்லோரும் சொன்ன நிம்மதி எதுவும் வரவில்லை. ராத்திரி தூக்கம் சரியில்லாமல் விடியற்காலையிலேயே தறிக்கூடத்துக்குப் போய்விடுகிறேன். இழை அறுந்தால் நானே முடிச்சுப் போடுகிறேன், அவ்வளவுதான். இதற்கு நடுவில் ஒரு தொந்தரவு. வண்டித்தடத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேசாத பங்காளி ஒருவர், தினமும் மாலை ஆறரைக்கு வாசலில் வண்டியை நிறுத்தி, "வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்கிறார். அவரிடம் கடன்பட்டால் நாளைக்குத் தடத்தைக் கேட்பாரே? நான் மாறியிருக்கிறேனா என்றே தெரியவில்லை.
(பெயர் வேண்டாம், சோமனூர்)

பதில்: தம்பி, "நானே முடிச்சுப் போடுகிறேன், அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கோபிப் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். தினமும் குடிப்பவர்களின் கை காலையில் எப்படி நடுங்கும் என்று தெரியும். டீ டம்ளரையே இரண்டு கையால் பிடிப்பார்கள். அந்தக் கையால் பாவு நூலைப் பிடித்து முடிச்சுப் போட முடியுமா? ஆறு மாதத்துக்கு முன்பு அந்த முடிச்சை யார் போட்டார்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அவர்கள் கவனித்திருப்பார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். வருடக்கணக்கில் குடித்த உடம்புக்குத் தூக்கம் சீராக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். பயப்பட வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்புகூட வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது.

அப்புறம் உங்கள் பங்காளி. நம் பக்கத்தில் கல்யாண மொய் நோட்டைப் பீரோவில் பத்திரமாக வைத்து, வந்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். நல்ல பழக்கம்தான், எத்தனையோ குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் வாசலில் வந்து நிற்கிற மனிதரிடமும் அந்த நோட்டைப் பிரித்துக்கொள்கிறோம். நானும் பிரித்தவள்தான்.

என் வீட்டுக்காரர் 2009-இல் தவறினார். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள், அடுப்புப் பற்றவைக்காமல் டீயும் பன்னுமாகக் கிடந்தேன். சொந்தக்காரர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் வந்தது யார் தெரியுமா? கிணற்றுத் தண்ணீர் முறைக்காக என்னோடு தெருவில் நின்று சண்டை போட்ட அம்மா. தூக்குப்போசிப் பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சோறு. "சாப்புட்டுப் போடு அம்மிணி, போசிய நாளைக்கு எடுத்துக்கறேன்" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் இரண்டு நாள் நாய்க்குக் கொட்டினேன். இன்றைக்கு எழுதும்போதும் மனசு கூசுகிறது. மூன்றாம் நாள் நெய் வாசம் இழுத்தது, சாப்பிட்டேன். ஒரு வாரம் போயிருக்கும். கழுவிய போசியைக் காலியாகக் கொடுக்க மனம் வராமல் பொடக்காளிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்குப் போய் நாலு எலுமிச்சம்பழம் பறித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பொடக்காளிக் கதவை நான் திறந்தது அன்றைக்குத்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. போசியைத் திறந்து பார்த்த அந்த அம்மாதான் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முறைத் தகராறு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நடந்தது. சோறும் வந்துகொண்டுதான் இருந்தது.

வருகிறவருக்கும் ஒரு தேவை இருக்கலாம், தம்பி. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வியாபாரம் கைகூடாத வருத்தத்தில் மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வேண்டாவெறுப்பாக வந்தவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்தப் பேச்சில் பிறந்ததுதான்.

உங்கள் பங்காளி எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறரை மணி என்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமான நேரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை வக்கீலிடம் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுங்கள். டீக்காசு ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள். இன்றைக்கு ஹாரன் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: அப்பா குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. பாராட்டினால் கோபப்படுகிறார். என்ன செய்வது?
(கல்லூரி மாணவி, பெருந்துறை)

பதில்: பாராட்டும்போது பழையதும் சேர்ந்து ஞாபகம் வருகிறது கண்ணு, அதுதான் கோபம். கொஞ்ச நாள் பாராட்ட வேண்டாம். இருட்டின பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து உன்னைக் கூட்டி வர இத்தனை நாளாக யார் வந்தார்கள்? அண்ணனா, சித்தப்பாவா? நாளைக்கு அப்பாவுக்குப் போன் போடு.