ராக் குழுக்களின் முதல் ஆல்பங்களில், பாட்டுப் பாட்டாக உட்கார்ந்து பேசத் தகுந்தது எது?

என் பதில் பிளாக் சாபத். குழுவின் பெயரும் அதுதான், ஆல்பத்தின் பெயரும் அதுதான். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று பிரிட்டனில் வெளியானது. கனத்த கிடார் சத்தத்தில் எழும் ராக் வகையான ஹெவி மெட்டல் பிறந்ததே இங்கேதான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் கேட்க உட்கார்ந்தால் கொஞ்சம் ஏமாந்துபோவீர்கள். முக்கால்வாசி ஆல்பம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைச் சத்தம் கூட்டி வாசித்ததுதான். பர்மிங்ஹாமிலிருந்து வந்த நாலு ப்ளூஸ் பையன்கள், நடுநடுவே தங்களுக்கே தெரியாமல் வேறு எதையோ கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் பிடிக்கும்.

முதல் பாட்டின் பெயரும் பிளாக் சாபத்தான். முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது அரை நிமிடத்துக்கு மேல் மழை, இடி, தூரத்தில் ஒரு தேவாலய மணி, வேறு ஒன்றுமே இல்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நிறுத்தப் போனேன், அப்போதுதான் கிடார் இறங்கியது. மூன்றே ஸ்வரம். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அப்புறம் பிரதி மத்யமத்தில் வந்து நின்று நடுங்குகிறது. யோசித்துப் பாருங்கள், இதே பிரதி மத்யமம் கல்யாணியில் வரும்போது யாருக்காவது பயமாக இருக்கிறதா? அங்கே காந்தாரமும் பஞ்சமமும் பக்கத்தில் துணைக்கு இருக்கின்றன. இங்கே அதைத் தனியாக, ஆமை வேகத்தில், இருட்டில் விட்டுவிட்டார்கள். பாஸ் கிடார் வாசிக்கும் கீஸர் பட்லருக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசை மேல் பைத்தியம், அதிலிருந்து முளைத்ததுதான் இந்த மெட்டு.

கிடார் வாசித்த டோனி அயோமியின் கதையைச் சொல்லாமல் இந்தச் சத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. 17 வயதில் தகடு வெட்டும் ஆலையில், அதுவும் வேலையின் கடைசி நாளில், நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், ஆகவே போனது தந்தியை அழுத்துகிற வலது கையின் விரல்கள். பாத்திரம் கழுவும் திரவப் பாட்டிலை உருக்கி, தானே விரலுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் போட்டு வாசித்தார். (தந்தியைத் தளர்த்தி சுருதியை இறக்கியதால்தான் இந்த ஆல்பம் இவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தப் பழக்கம் 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் ஆரம்பித்தது.)

அடுத்தது 'தி விஸார்ட்'. பயமுறுத்திய கையோடு ஹார்மோனிகா! வாசிப்பது குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன். டோல்கியனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபை மனதில் வைத்து எழுதிய பாட்டு, ஆனால் இதில் நான் கேட்பது பில் வார்டின் டிரம்ஸை மட்டும்தான். மனிதர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், எங்கே இடைவெளி கிடைத்தாலும் புகுந்துவிடுகிறார்.

'பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' நல்ல பாட்டு, அவ்வளவுதான். 'என்.ஐ.பி.' அப்படியில்லை. ஒலியை 'வா-வா' என்று அழவைக்கும் வா-வா பெடல் போட்ட தனி பாஸில் தொடங்கி, சாத்தானே காதலில் விழுந்து உருகுகிற பாட்டு. தலைப்புக்கு ரசிகர்கள் என்னென்னவோ மர்ம விரிவாக்கம் கொடுத்தார்கள், விஷயம் பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்தது என்பதுதான்.

'ஈவில் வுமன்' வந்தால் நான் தாண்டிவிடுவேன். க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு, ஹிட் வேண்டும் என்பதற்காகச் செய்யவைத்தது, விருப்பமில்லாமல் பாடுவது அப்படியே தெரிகிறது. அமெரிக்கப் பதிப்பில் இதை எடுத்துவிட்டு 'விக்கெட் வேர்ல்டு' சேர்த்தார்கள், அது எவ்வளவோ மேல். இப்போது பல மறுபதிப்புகளில் இரண்டும் கிடைக்கின்றன.

கடைசியில் வரும் 'வார்னிங்' இன்னொருவர் பாட்டுதான், ஆனால் பத்து நிமிடம் ஓடுகிறது, அதில் பெரும்பகுதி அயோமி தன்னிஷ்டத்துக்கு அலைகிறார். வழி தெரியாமல் சுற்றுகிற மாதிரிகூட இருக்கும். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில், எல்லோரும் ஒன்றாக வாசிக்க, ஓஸியை மட்டும் தனிக் கூண்டில் நிறுத்திப் பாடவைத்துப் பதிவு செய்த ஆல்பம் இது. திருத்தி மெருகேற்ற நேரமே இல்லை. எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஆறாவது சலிக்காது, உங்களுக்குச் சலித்தால் தப்பில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடக்கத்தை விட்டுவிடாதீர்கள். டொய்ங் டொய்ங் என்று கேட்பது கிடார் இல்லை, நம் மோர்சிங்கின் ஐரோப்பிய உறவுக்காரன். வாசித்தது தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன்.