பூப்போட்ட துணியில் குயில்ட் (துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். தையலுக்காகப் பேனாவால் போட்ட கோடு தெரியவில்லை, மெஷினில் ஓட்டினால் சுருக்கம் விழுகிறது. என்ன செய்யலாம்?

பேனாவை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோடு போடும் பக்கத்தை மாற்றுங்கள். கலம்காரி மாதிரி நெருக்கமான பிரிண்டில் எந்த நிறத்தில் வரைந்தாலும் கோடு டிசைனுக்குள் தொலைந்துவிடும். அடித்துணி வெளிர் நிறத்தில், டிசைன் இல்லாமல் இருந்தால் அதில் வரைந்து, அந்தப் பக்கத்திலிருந்தே தைக்கலாம். நான் துவைத்துச் சுருக்கிய காடாத் துணியைத்தான் போடுகிறேன்.

அடியில் வரைந்தால் மேலே கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாதே என்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் மேல்பக்கத்திலிருந்து, துண்டுகள் சேரும் மூட்டுப் பள்ளங்களில் மட்டும் நேர்த்தையல் ஓட்டுங்கள். இதற்குக் கோடே வேண்டாம், மூட்டுதான் கோடு. திருப்பிப் போட்டால் மேலே உள்ள கட்டமெல்லாம் அடித்துணியில் தையலாகத் தெரியும். அந்தக் கட்டங்களுக்குள் வேண்டிய டிசைனை வரைந்துகொள்ளலாம்.

இப்படி அடித்துணிப் பக்கத்திலிருந்து தைக்கும்போது மேல்துணியில் தெரியப்போவது பாபின் நூல், அதாவது மெஷினுக்கு அடியிலிருந்து வரும் நூல். அதனால் பாபினில் மேல்துணிக்குப் பொருந்தும் நிறம் போடுங்கள். மிச்சத் துணியும் பஞ்சும் வைத்து ஒரு துண்டு தைத்துப் பாருங்கள். மேல்துணியில் பாபின் நூல் நேர்க்கோடாகக் கிடந்து, ஊசி நூல் அதன்மேல் வளையம் வளையமாக வந்தால் ஊசி நூலின் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

மேல்பக்கத்தில்தான் வரைவேன் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். தண்ணீரில் போகும் நீலப் பேனாக் கோட்டின் மேல் அயர்ன் வைக்கவே கூடாது, கறை நிலைத்துவிடும். சாயம் போகும் துணியில் அதை அழிக்கத் தண்ணீர் பட்டாலே சாயம் பரவும், எனவே துணியை முதலிலேயே அலசிவிடுங்கள். தானாக மறையும் ஊதாப் பேனா சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரமே காணாமல் போய்விடும். ஃப்ரிக்ஷன் பேனாக் கோடு அயர்ன் சூட்டில் மறையும், ஆனால் கடுங்குளிரில் திரும்பி வரும். கனடாவில் இருக்கும் பேரக்குழந்தைக்கு அனுப்பும் குயில்ட்டில் அதைத் தொடாதீர்கள்.

சுங்குடி என்றால் வேலை இன்னும் எளிது. புள்ளிகளையே வழிகாட்டியாக வைத்துக் குறுக்காக ஓட்டினால் கட்டம் தானாக விழும். கையால் முடிச்சுப் போட்ட துணியில் புள்ளி வரிசை லேசாக வளையும். தையலும் கூடவே வளையட்டும், எனக்கு அந்த வளைவுதான் பிடிக்கும். பூப்போட்ட துணியிலும் பெரிய பூக்களின் ஓரத்தைச் சுற்றி ஓட்டினாலே போதும். நுணுக்கமான இறகு, கொடி எல்லாம் பிரிண்டில் கண்ணுக்கே தெரியாது. அந்த உழைப்பைப் பிளெயின் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுருக்கம். அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியை இழுக்கிறது, மேலே துணியை அழுத்தும் ஃபுட் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது, நடுவில் பஞ்சு. மூன்றும் ஒரே வேகத்தில் நகராததால்தான் சுருக்கம் விழுகிறது. வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் துணியை நகர்த்துவதால் நேர்க்கோடுகளுக்கு அதுதான் சரி. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள், எந்தப் பக்கம் பார்த்துத் தைக்கிறீர்களோ அந்தப் பக்கத்திலிருந்து. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். வீட்டு மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே பெரும்பாலும் 6, 7 அங்குலம்தான் இருக்கும், சுருட்டிய குயில்ட் அதற்குள் நுழைய வேண்டும். மிச்சக் குயில்ட் மேஜையிலிருந்து தொங்கினால் அந்தப் பாரமே தையலை இழுத்துக் கோணலாக்கும். இடப்பக்கமும் பின்னாலும் நாற்காலியோ ஸ்டூலோ போட்டுத் தாங்கச் செய்யுங்கள்.

வளைவான டிசைனுக்குப் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் ஃபுட் மாட்டி, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். பல்லை இறக்க வசதி இல்லாத பழைய கால் மெஷின் என்றால் ஊசித் துவாரம் விட்டு ஒரு வழவழப்பான அட்டையைப் பல்லின் மேல் ஒட்டி, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். கை நகரும் வேகமும் கால் மிதிக்கும் வேகமும் ஒத்துவரும்வரை மிச்சத் துண்டிலேயே ஓட்டிப் பழகுங்கள்.