மகள் ஜியாலஜி படிக்கட்டும், எம்.எஸ்சி. வரை

அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. ஜியாலஜிதான் வேண்டும் என்கிறாள். நம் சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட் தாது) சுரங்கத்தை நம்பி எத்தனை பேர் பிழைக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் மாமாங்கம் பக்கத்துச் சுரங்கங்களை மட்டும் வைத்து இந்தப் படிப்பை எடை போடாதீர்கள். நிலத்தடி நீர், சிமென்ட் ஆலை, கிரானைட் குவாரி, அணை, மலையைக் குடைந்து போடும் ரயில் பாதை என்று பாறையைத் தெரிந்த ஆள் தேவைப்படும் இடங்கள் பல.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால்தான் சிக்கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயம். வயது 21 முதல் 32-க்குள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை 400 மதிப்பெண், விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வு 600, நேர்முகம் 200. முதல்நிலை மதிப்பெண்ணும் இறுதித் தரவரிசையில் சேரும் என்பதால், பாஸானால் போதும் என்று அதை அலட்சியமாக எழுதக் கூடாது. எனவே வீட்டில் ஐந்து வருடப் படிப்பு என்றே கணக்குப் போடுங்கள். சேலம் அரசு கலைக் கல்லூரியில் ஜியாலஜி துறை இருக்கிறது. முதுநிலைக்குப் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே உள்ளது. ஐ.ஐ.டி. ஆசை இருந்தால், அங்கே எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். சில கல்வி நிறுவனங்கள் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறாரா என்று பார்க்கும். அந்த விதியை இப்போதே படித்துவிட்டுத் துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சேலத்துப் பிள்ளைக்குப் பெரிய அனுகூலம், வீட்டைச் சுற்றியே பாடம் கிடப்பது. பத்து மடங்கு லென்ஸ், சுத்தியல், திசைகாட்டி, பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சின்ன பாட்டில் போதும். சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டதும் நுரைக்கும். வெள்ளைக்கல்லான மேக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாது. பொடியாக்கிச் சூடான அமிலம் விட்டால்தான் பொங்கும். இது தெரியாத மாணவர்கள், அதுவும் சுண்ணாம்புக்கல் போல ஒரு கார்பனேட்தான் என்பதை விட்டு, கார்பனேட் இல்லை என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். கஞ்சமலையில் வேறொரு சிக்கல். அங்கே இரும்புத்தாது, காந்தத் தன்மை கொண்ட மேக்னடைட். காந்த ஊசி விலகிவிடும், பாறைச் சாய்வின் திசையை எழுதினால் தவறாகும். தாதுப் படுகையிலிருந்து தள்ளி நின்று, வரைபடத்தில் உள்ள கோபுரத்தையோ முகட்டையோ குறிவைத்துத் திசையைச் சரிபார்க்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் நிறக்குருடுப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெண்களுக்கு அது அரிது என்றாலும் விடக் கூடாது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் சுழற்றும்போது, அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறும். அந்த மாற்றம் தெரிந்தால்தான் பாறையைச் சரியாகப் பெயரிட முடியும். சிவப்பு-பச்சை பேதம் தெரியாதவருக்கு ஆய்வகத் தேர்வுகள் மிகவும் கடினம்.

தண்ணீர்த் துறை அவளுக்குப் பிடித்தால் நம் வட்டாரம் இன்னும் நல்ல பள்ளி. கெட்டிப் பாறையில் தண்ணீர் மக்கிய மேல்படிவத்திலும் வெடிப்பிலும்தான் நிற்கும். நான்கு மின்முனைகளை ஊன்றி நிலத்தின் மின்தடையை அளக்கும்போது, எண் குறைந்தாலே தண்ணீர் என்று பாயின்ட் (போர்வெல் போடும் இடம்) குறித்துவிடுவது பெரிய தவறு. களிமண்ணும் அதே எண்ணைக் காட்டும். விவசாயியின் போர்வெல் பணம் போய்விடும். பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் மண் வரிசையையும் கேட்டு ஒப்பிட்ட பிறகே பாயின்ட் சொல்ல வேண்டும்.

"பொம்பளப் பிள்ளை சுரங்கத்துக்குள் போகலாமா" என்றும் கேட்டீர்கள். 2019 முதல் சட்டம் அனுமதிக்கிறது: நிலத்தடிச் சுரங்கத்தில் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் வேலை செய்யலாம், அதற்கு அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சேரும் நிறுவனத்தில் தங்குமிடம், வாகனம், கழிப்பறை எப்படி என்று நேர்முகத்திலேயே அவள் தயங்காமல் கேட்கட்டும். வெயிலில் நாள் முழுக்க நடக்கும் வேலை இது. கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் ஒரு விடுமுறை நாளில் ஏற்காடு மலைப்பாதையில் அவளோடு நடந்து போய், சாலை வெட்டிய பாறைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் அவள் இதுதான் வேண்டும் என்றால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.