சவுண்டு கம்மியா இருக்கு அக்கா!

ஒலிப்பதிவு, மைக், எடிட்டிங் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தண்டையார்பேட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் நம் அக்கா பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: இணையத்தில் போடும் ஆடியோவின் சத்தம்.

கேள்வி: அக்கா, நான் மீன் சமையல் சேனல் நடத்துகிறேன். விடியற்காலை ஏலத்தில் கொஞ்சம் எடுப்பேன், அப்புறம் வீட்டுக்கு வந்து மீனை வெட்டிக் குழம்பு வைப்பேன். ஏலச் சத்தம் காதைப் பிளக்குது, நீங்க பேசறது கேட்கலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் 'நார்மலைஸ்' கொடுத்தேன். கோடு உச்சி வரை போகிறது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: நீங்கள் அனுப்பிய பத்து நிமிட ஆடியோவை மூன்று முறை கேட்டேன். பேச்சில் ஒரு குறையும் இல்லை. குறை கத்தியில் இருக்கிறது. வஞ்சிரத்தின் தலையை எடுக்கும்போது கட்டை மேல் கத்தி 'ணங்'கென்று விழுகிறதே, வீட்டுப் பகுதியில் அதுதான் பெரிய ஒலி. 'நார்மலைஸ்' பார்ப்பது அந்த உச்சியை மட்டும்தான். கணினி ஒலியில் பூஜ்யம்தான் மேல் எல்லை; உச்சி அதற்குச் சற்றுக் கீழே மைனஸ் 1 டெசிபலைத் தொட்டதும் இதற்கு மேல் இடமில்லை என்று நின்றுவிடும். உங்கள் குரலின் உச்சி அதற்குப் பதினொரு டெசிபல் கீழே, மைனஸ் 12-இல் கிடக்கிறது.

நம் காது உச்சியைப் பார்த்துச் சத்தத்தை எடைபோடுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து ஓய்கிற 'ணங்'கை அது மறந்துவிடும். நிமிடக் கணக்கில் ஓடுகிற பேச்சைத்தான் சத்தம், சத்தமில்லை என்று சொல்லும். காது கேட்கிற மாதிரியே அளக்க ஓர் அளவுகோலைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. அதன் அலகை எல்.யூ.எஃப்.எஸ். என்கிறார்கள், ஸ்டுடியோக்காரர்கள் வாயில் 'லஃப்ஸ்'. பூஜ்யத்துக்குக் கீழே எண்ணுவது இது. மைனஸ் 14 என்றால் மைனஸ் 20-ஐவிடச் சத்தம் அதிகம்.

உங்கள் வீட்டுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து அளந்தேன்: மைனஸ் 27. யூடியூப் வைத்திருக்கும் அளவு மைனஸ் 14-ஐ ஒட்டியது. பதின்மூன்று வித்தியாசம். பத்து ஏறினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்றால், எவ்வளவு தாழ்ந்து பேசுகிறீர்கள் என்று பாருங்கள். யூடியூப் அதிகச் சத்தத்தைக் குறைக்கும்; குறைந்த சத்தத்தை ஏற்றித் தராது. அதை நாம்தான் ஏற்றி அனுப்ப வேண்டும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே இதில் விழுகிறார்கள். முழு ஆடியோவையும் ஒன்றாக அளந்தால் மைனஸ் 13 பக்கம் காட்டும், "அட, சரியாத்தானே இருக்கு" என்று தோன்றும். காரணம் ஏலம். அந்த நான்கு நிமிடம் மைனஸ் 12-இல் ஓடுகிறது. சராசரியைவிடப் பத்து அலகுக்கு மேல் தாழ்ந்த இடத்தை இந்த அளவுகோல் 'மௌனம்' என்று ஒதுக்கிவிடும். பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளி சராசரியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. உங்கள் ஆடியோவிலோ உங்கள் பேச்சில் பெரும்பகுதியே மௌனமாகிவிட்டது! மீட்டர் ஏலத்தை மட்டும் அளந்துவிட்டு நல்ல மார்க் போடுகிறது.

ஆகவே முதலில் இரண்டையும் பிரியுங்கள். வீட்டுப் பகுதியில் கத்தி விழும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'ஆம்ப்ளிஃபை'யில் மைனஸ் 11 கொடுங்கள். நான் எண்ணிய வரை பதினேழு வெட்டு. பத்து நிமிட வேலை. உச்சியெல்லாம் மைனஸ் 12-க்கு வந்துவிடும். இப்போது 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' என்ற எஃபெக்டைத் திறந்தால் அங்கே மைனஸ் 23 என்று போட்டிருக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் வைத்த டிவி அளவு அது, நமக்கு வேண்டாம். மைனஸ் 16 என்று மாற்றுங்கள். பதினொன்று ஏறும், உச்சி மைனஸ் 1-இல் நிற்கும், எதுவும் கிழியாது. ஏலத்தையும் தனியே தேர்ந்தெடுத்து அதே மைனஸ் 16-க்கு இறக்குங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து மைனஸ் 14-க்கு ஏற்றிவிட்டு, உச்சி மைனஸ் 1-ஐத் தாண்டாதபடி ஒரு லிமிட்டர். இந்தக் கடைசி இரண்டு அலகைச் செய்யாவிட்டாலும் குடிமுழுகாது.

கத்திச் சத்தத்தை அடியோடு எடுத்துவிடாதீர்கள். அது இல்லாத மீன் வீடியோ எனக்குப் பிடிக்காது.

கேள்வி: நானும் நண்பர்களும் கானா பாடிப் பதிவு செய்து போடுகிறோம். மிக்ஸிங் செய்கிற அண்ணன் மைனஸ் 7 லஃப்ஸ் வரை ஏற்றித் தந்தார், போனில் கேட்டால் அதிருது. யூடியூபில் போட்டதும் சப்பென்று இருக்கிறது. வேறு பசங்க பாட்டு எங்கள் பாட்டைவிட 'அடி'யாகக் கேட்கிறது. இன்னும் ஏற்றச் சொல்லட்டுமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். உங்கள் வீடியோ ஓடும்போது அதன் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்கள். வால்யூம் வரியில் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் 45 சதவீதம் என்றும், கன்டென்ட் லவுட்னெஸ் 7 டெசிபல் என்றும் இருக்கும். நீங்கள் ஏற்றிய ஏழையும் யூடியூப் இறக்கிவிட்டது.

இறக்கியதோடு போனால் பரவாயில்லை. மைனஸ் 7 வரை ஏற்ற அந்த அண்ணன் லிமிட்டரால் டோலக்கின் அடியை நசுக்கியிருப்பார், வேறு வழி கிடையாது. அடி விழுந்த கணத்தில் எழும் அந்தக் கூர்மை, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் டேப் என்கிற தோல் வாத்தியம் தனியாகத் தெறித்து நிற்கும் அழகு, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வழித்துவிட்ட சுவர் மாதிரி ஆகிவிட்டது. யூடியூப் சத்தத்தைக் குறைத்த பிறகு கேட்பவர் காதுக்குப் போவது சத்தமும் இல்லாத, அடியும் இல்லாத பாட்டு. அந்த இன்னொரு பாட்டு மைனஸ் 10 அளவில் இருக்கலாம். அதையும் இறக்கத்தான் செய்வார்கள், ஆனால் நான்கு மட்டும். சராசரி சத்தம் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும். அவர்களுடைய அடி மட்டும் உங்கள் அடியைவிட உயரமாக எழுந்து நிற்கும்.

கானாவுக்கு உயிரே அந்த அடியும் குரலின் உடைசலும்தான். சாவு வீட்டு வாசலில் ராத்திரி முழுக்கப் பாடியவர்கள் பாட்டில் ஒரு வரி கிசுகிசுப்பாக வரும், அடுத்த வரி நெஞ்சைப் பிளந்து வரும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுக்காகக் கொல்லாதீர்கள். மைனஸ் 14-இல்தான் மிக்ஸ் செய்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. மைனஸ் 10, 11 என்று வந்தாலும் சரி, டோலக் பேசினால் போதும். அந்த அண்ணனிடம் லிமிட்டர் போடாத மிக்ஸையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் மைனஸ் 14-க்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் ஒருவரைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாட்டில் கால் தானாக ஆடுகிறதோ அதைப் போடுங்கள்.

உச்சியை மட்டும் மைனஸ் 1-இல் நிறுத்தச் சொல்லுங்கள். எம்பி3 போலச் சுருக்கும்போது உச்சி கொஞ்சம் எகிறும். பூஜ்யத்தை முட்டிக்கொண்டிருந்தால் கரகரக்கும். கல்யாண மேடையில் பாக்ஸில் போட மட்டும் ஏற்றிய பாட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் இறக்க மாட்டார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். சிறுவர் கதைகளை வாசித்து வாரம் ஒரு பாட்காஸ்ட் போடுகிறேன். ஒற்றை மைக், மோனோ பதிவு. எந்த எண் வைக்க வேண்டும்?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ஐயா, ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது மைனஸ் 16, ஒன்று கூடலாம், குறையலாம். உச்சி மைனஸ் 1. ஸ்பாடிஃபை மைனஸ் 14 என்கிறது. ஒரே கோப்பை எல்லா இடத்துக்கும் அனுப்ப மைனஸ் 16 போதும். மோனோவில், அதாவது ஒற்றைத் தடப் பதிவில், ஒரு சிக்கல்: ஒரே குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் வரும்போது மீட்டர் மூன்று அலகு கூட்டிக் காட்டும். ஆகவே மோனோ கோப்பாகவே அளந்தால் மைனஸ் 19-தான் உங்கள் மைனஸ் 16. ஆடாசிட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் கட்டத்தில் டிக் இருந்தால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் மைனஸ் 16 என்றே போடலாம்.

முகப்பு இசை வைத்திருந்தால் அதைக் குரலைவிட இரண்டு மூன்று அலகு தாழ்த்துங்கள். நான் ஒரு தொடரைச் செய்தபோது குரலை மைனஸ் 20-இலும் இசையை மைனஸ் 12-இலும் விட்டுவிட்டேன். இரவுப் பணி முடிந்து படுத்துக்கொண்டே கேட்கும் ஒரு செவிலியர் எழுதினார்: "ஒவ்வொரு வாரமும் முதல் பத்து வினாடி இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்." பன்னிரண்டு பகுதியையும் எடுத்துத் திருத்தி மறுபடி ஏற்றினேன். உங்கள் கதையைக் கேட்பது குழந்தைகள், அதுவும் தூங்கப் போகும் நேரத்தில்.

கேள்வி: சத்தத்தை ஏற்றினால் ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் சேர்ந்து ஏறுகிறது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீடு.
– கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: ஏறத்தான் செய்யும். எண்ணுக்கு எது குரல், எது ஃபேன் என்று தெரியாது. பதினைந்து ஏற்றினால் ஃபேனும் பதினைந்து ஏறும். மருந்து பதிவு செய்யும்போதே: மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், நேருக்கு நேராக வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். ஃபேனைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். மைக் கிட்ட வந்தால் குரல் ஏறும், தெரு அங்கேயே நிற்கும்.

கூட்ஸ் வண்டியும் கன்டெய்னர் லாரியும் தரும் அடிக்குரல் உறுமல் வேறு கதை. இந்த அளவுகோல் காதைப் போலவே அந்தத் தாழ்ந்த அதிர்வைக் குறைவாகத்தான் எண்ணும், 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் கூட்டி எண்ணும். ஆனால் உறுமல் கோட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளும், குரல் ஏற இடம் இருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் 80 ஹெர்ட்ஸில் ஒரு 'ஹை பாஸ் ஃபில்டர்' போட்டுவிடுங்கள், அதற்குக் கீழே உள்ள உறுமலை அது வடிகட்டிவிடும். அதன் பிறகே சத்தத்தை ஏற்றுங்கள்.

கேள்வி: காது இருக்கும்போது மீட்டர் எதற்கு அக்கா? அந்தக் காலத்தில் மைக் செட் வைத்தவர்கள் லஃப்ஸா பார்த்தார்கள்?
– திருவொற்றியூர் கல்லூரி மாணவர்

பதில்: என் அப்பா மைக் செட் வைத்திருந்தவர் தம்பி. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, என்னை ஆம்ப் முன்னால் உட்கார வைப்பார். பாட்டைப் போடச் சொல்லிவிட்டுத் தெருக்கோடி வரை நடப்பார். அங்கிருந்து கை தூக்கினால் நான் ஏற்றுவேன், கையைத் தாழ்த்தினால் இறக்குவேன். பாட்டு முடிந்து பூசாரி பேச வரும்போது மறுபடி ஒரு நடை. பேச்சுக்கு வேறு அளவு, பாட்டுக்கு வேறு அளவு, இரண்டும் அந்தக் கோடியில் நிற்கும் ஆளுக்கு ஒரே மாதிரி கேட்க வேண்டும். நாங்கள் இன்று எண்ணில் செய்வதை அவர் காலால் செய்தார்.

உங்களுக்கு அந்தத் தெருக்கோடி கிடையாது. கேட்பவர் எங்கே இருக்கிறார், கையில் என்ன போன் என்று தெரியாது. போதாததற்குக் காது களைக்கும். இரவு பதினொரு மணிக்கு மூன்று மணி நேரம் எடிட் செய்த காது, காலையில் கேட்ட காது இல்லை. நேற்றைய பகுதியும் அடுத்த மாதப் பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்க மீட்டர்தான் துணை. யூலீன் என்ற மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

மீட்டர் பார்த்து முடித்த பிறகு நடையையும் விடாதீர்கள். போனில் உங்கள் பகுதியையும், நீங்கள் ரசிக்கும் வேறு இரண்டு பாட்காஸ்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு, விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறுங்கள். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் வால்யூம் பட்டனை எத்தனை தடவை தொட்டீர்கள் என்று மட்டும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.