பிரிட்டனிடம் பிடிபட்டுத் தப்பி ஊர் திரும்பிய ஜெர்மன் போர் விமானி யாராவது உண்டா?

உண்டு, ஃபிரான்ஸ் ஃபான் வெர்ரா. 1940 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இவருடைய விமானம் வீழ்த்தப்பட்டது, பிடிபட்டார். அக்டோபரில் முகாமிலிருந்து நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனபோது ஓடினார். சில நாட்களிலேயே மாட்டிக்கொண்டார்.

டிசம்பரில் செய்ததுதான் அசாத்தியம். சுரங்கம் வழியாக வெளியேறி, தன்னை டச்சு விமானி என்று கதை விட்டு, ஹக்னால் விமானத் தளத்துக்குள்ளேயே போய் ஹரிக்கேன் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்! கிளம்புவதற்குள் துப்பாக்கியைக் காட்டி இறக்கிவிட்டார்கள்.

அப்புறம் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1941 ஜனவரியில் அங்கே ரயில் ஜன்னல் வழியாகக் குதித்து, பெரும்பாலும் உறைந்து கிடந்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றைத் தாண்டி அமெரிக்கா சேர்ந்தார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை, அதுதான் அவர் கணக்கு. அங்கிருந்து மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எஞ்சின் கோளாறால் விமானம் கடலில் விழுந்து இறந்தார்.