பஜ்ஜிக்கடை எண்ணெயில் நெல் லாரி ஓடுமா?

மன்னார்குடியில் 32 வருடமாக டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் கழற்றி மாட்டுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, மைக்கோ பம்ப் வைத்த பழைய டாடா 1613 லாரியில் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு நெல் ஏற்றுகிறேன். சித்தப்பா ஹோட்டலில் மாதம் 60 லிட்டர் பொரித்த எண்ணெய் மிஞ்சுகிறது. துணியில் வடிகட்டி டீசலோடு ஊற்றலாமா?
- லாரி உரிமையாளர், நீடாமங்கலம்

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும், அதை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாசிலிலிருந்து புகையாகப் பீய்ச்ச வேண்டியது துளித்துளியாக விழும். பாதி எரியும், பாதி கரியாகும்.

போன தை மாதம் இப்படி நாலு மாதம் ஓடிய லாரி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. நாசிலைக் கழற்றினால் நுனியில் குத்துவிளக்குத் திரியில் கட்டுமே, அந்த மாதிரி கரி மொட்டு. நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டி அடித்தேன். இரண்டு துளை அடைத்துக் கிடந்தது, மற்றவை ஒழுகின. ஆயில் ஸ்டிக்கை உருவினால் பாகு மாதிரி நூல் இழுத்தது. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் கெடுத்திருந்தது. டீசலில் மிச்சம் பிடித்த காசு ஒரே எஞ்சின் வேலையில் போயிற்று.

அந்தக் கெட்டித்தனத்தை எடுத்துவிட்டால் அதே எண்ணெய் நல்ல எரிபொருள். அதுதான் பயோடீசல். எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும், மேலே நிற்பது டீசல் பதத்துக்கு வந்திருக்கும்.

2011-ல் முதன்முதலில் செய்தபோது ஒரு கல்யாண மண்டபத்து எண்ணெய் 40 லிட்டரையும் சோப்பாக்கி வைத்தேன். மறுநாள் டிரம்மில் களி மாதிரி உறைந்து நின்றது. எண்ணெயில் தண்ணீர் இருந்தது, நான் பார்க்கவில்லை. இப்போது சூடான தோசைக்கல்லில் நாலு சொட்டு விட்டுப் பார்க்காமல் எதையும் தொடங்குவதில்லை. சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது. 100 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சத்தம் அடங்கிய பிறகுதான் அடுத்த வேலை.

அப்புறம் புளிப்பு. பல தடவை பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அதற்குத் தக்கபடி காஸ்டிக் சேர்க்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் (ஆசிட் அல்ல) ஒரு லிட்டரில் ஒரு கிராம் காஸ்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். தனியாக 10 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இதில் அந்தக் காஸ்டிக் தண்ணீரைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சங்கதிதான். மஞ்சள் சிவந்து அரை நிமிடம் அப்படியே நின்றால் நிறுத்திவிட்டு எத்தனை மில்லி போயிற்று என்று பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை கிராம் காஸ்டிக் எப்போதும் உண்டு, அதோடு இந்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 2 மில்லி போயிருந்தால் ஐந்தரை கிராம். உங்கள் 60 லிட்டருக்கு 330 கிராம் காஸ்டிக், 12 லிட்டர் மெத்தனால். ஐந்து மில்லியைத் தாண்டும் எண்ணெயை நான் தொடுவதில்லை.

எண்ணெயை 55 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை முழுக்க அணைத்த பிறகே மெத்தனால் கேனைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் சரக்கு அது. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. உள்ளே போனாலும் தோலில் ஊறினாலும் விஷம், கண்பார்வையைப் பறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடாது, காஸ்டிக் அதை அரித்து வாயு கிளப்பும். மெத்தனாலில் காஸ்டிக்கைக் கரைத்து எண்ணெயில் ஊற்றி ஒரு மணி நேரம் கலக்கி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

மறுநாள் கிளிசரினை வடித்ததும் லாரியில் ஊற்ற அவசரப்படாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முதல் கழுவலில் கழுநீர் மாதிரி வெள்ளையாக வரும். தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு தடவை கழுவி, மறுபடி காய்ச்சி ஈரத்தை ஓட்டுங்கள். பாட்டிலில் பிடித்து, அதன் வழியாகச் செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தால் சரி. நூற்றுக்கு இருபது வீதம் டீசலில் கலந்து தொடங்குங்கள். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த கசடை இது கரைத்து இழுத்துவரும், அதனால் வண்டியில் இரண்டு ஃபில்டர் உபரியாக வைத்திருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், மாற்றிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் வருட விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். லைசென்ஸ் இல்லாமல் யாராவது கேனில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் லாரி பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி). இதே முறை சரிப்படுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம். அதில் இருப்பது காமன் ரெயில் என்கிற புது வகை டீசல் பீய்ச்சும் அமைப்பு; ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம், தலைமுடியைவிடச் சன்னமான இடைவெளி. வீட்டில் செய்ததை அதில் விட்டுப் பார்க்கக் கூடாது. கம்பெனி டீசலிலேயே ஏழு சதவீதம் வரை பயோடீசல் கலக்க அனுமதி உண்டு, அது போதும்.

கேள்வி: எங்கள் வாய்க்கால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. அதன் விதையில் பயோடீசல் எடுக்கலாமாமே?
- விவசாயி, வலங்கைமான்

பதில்: பெயரால் வந்த குழப்பம். பயோடீசலுக்கு என்று ஊர் ஊராகப் பேசப்பட்ட காட்டாமணக்கு, வேலியில் வைக்கும் ஆமணக்கு இனத்துச் செடி. வாய்க்காலை அடைக்கும் உங்கள் செடியோ, ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூக்கும் வேறு குடும்பம். அதை எண்ணெய்க்காக வைத்திருக்க வேண்டாம், தண்ணீர் திறப்பதற்குள் வேரோடு எடுத்துவிடுங்கள். கரையில் புங்கமரம் இருந்தால் அதன் விதையில் எண்ணெய் உண்டு. ஆனால் அமிலம் அதிகம், மேலே சொன்ன ஒரே கட்டத்தில் வேலை முடியாது. முதலில் அமிலம் குறைக்க ஒரு கட்டம் தனியாக வேண்டும்.

கேள்வி: மிஞ்சும் கிளிசரினை வாய்க்காலில் விடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: விடவே கூடாதம்மா. அதில் மெத்தனாலும் காஸ்டிக்கும் மிச்சம் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த மடையில் வயலுக்குப் பாயும், மாடு குடிக்கும். கழுவிய தண்ணீரையும் அப்படியே விடாதீர்கள், அதிலும் காரம் உண்டு. கிளிசரினை மூடி போட்ட டிரம்மில், பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். மெத்தனாலை முழுக்கப் பிரித்தெடுத்த கிளிசரினில் சோப்பு காய்ச்சலாம். எங்கள் பட்டறையில் கிரீஸ் கையை அந்தச் சோப்பில்தான் கழுவுகிறோம்.