வீட்டுச் சாமானைக் குடோனில் போடும் முன்

கேள்வி: கணவருக்குப் புனேவுக்கு மாற்றல். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களை ஒரு வருஷம் மாத வாடகைக் குடோனில் போட்டுவைக்க எண்ணம். இணையத்தில் தேடினால் “இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 10-க்கு 10 போதும்”, “கிளைமேட் கன்ட்ரோல் கட்டாயம்” என்று இருக்கிறது. இங்கே விசாரித்தால் ஒருவர் சதுர அடிக் கணக்கு சொல்கிறார், இன்னொருவர் பெட்டிக் கணக்கு, மூன்றாமவர் “சாமானைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்கிறார். எதை நம்புவது?
— வாசகி, சேலம்

பதில்: மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் மூன்றாமவர்தான். 10-க்கு 10 அடி என்பது தரையின் அளவு மட்டுமே. எட்டடி உயரம் அடுக்க முடிந்தால் அது 800 கன அடி. ஐந்தடிக்கு மேல் அடுக்கக் கூடாது என்றால் அதே அறை 500 கன அடிதான். அந்த உயரத்தைச் சொல்லாத விளம்பரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள இரும்பு பீரோ ஏறக்குறைய 29 கன அடி. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், கிரைண்டர், பாத்திர மூட்டை என்று எல்லாவற்றையும் இப்படிக் கூட்டி, இடுக்குகளுக்காக மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூவரிடமும் ஒரே கேள்வி: “இத்தனை கன அடிக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு?” பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கிளைமேட் கன்ட்ரோல், அதாவது அறையின் சூட்டையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைக்கும் வசதி, சேலத்தில் சாதாரண வீட்டுச் சாமானுக்குத் தேவையில்லை என்பேன். கூரையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டுப்பலகை அலமாரியின் மேல்தாள் உரிந்துவிடும். கான்கிரீட் கூரை என்றால் பயமில்லை. சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூத்திருக்கிறதா, சாமானைத் தரையில் வைக்கிறார்களா பலகை மேலா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாடகையை விடப் பெரிய விஷயம் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. இணைய ஆலோசனைகள் இதைத்தான் விழுங்கிவிடுகின்றன. பட்டியல் போட்டுச் சாமானைக் குடோன்காரர்கள் பொறுப்பில் ஒப்படைத்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு உங்களுக்குத் துணை: விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அவர்கள் அதைக் காக்க வேண்டும். நீங்களே பூட்டிச் சாவியை எடுத்துப் போனால், “நாங்கள் இடத்தைத்தான் வாடகைக்கு விட்டோம்” என்று கை கழுவ அவர்களுக்கு வழி கிடைக்கும். இரண்டில் எது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

வங்கி லாக்கரில் திருட்டோ, வங்கியின் கவனக்குறைவால் தீயோ நேர்ந்தால், வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. குடோனுக்கு அப்படி ஒரு தொகை விதிக்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதை வைத்துத்தான் பேச முடியும்; ஆகவே இழப்பீட்டு உச்சவரம்பையும், வாடகை பாக்கி நின்றால் சாமானை விற்கலாம் என்ற வரியையும் கையெழுத்துக்கு முன்னால் தேடிப் படியுங்கள். நகை, பத்திரம் இரண்டும் குடோன் பக்கமே போகக் கூடாது. கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் (இங்கே இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள், புனேயில் இணைப்பு எடுக்க உதவும். ஃபிரிட்ஜைத் துடைத்துக் காயவைத்து, கதவு முழுதாக மூடாதபடி ஒரு துணிச்சுருளைச் செருகி அனுப்புங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீடு பூட்டியேதான் கிடக்கிறது. சாமானை அங்கே போட்டால் வாடகை மிச்சம்தானே?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சரி. மெத்தை, புத்தகம், பட்டுப்புடவை, தோல் செருப்பு இவற்றுக்கு வேண்டாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடம். ஜன்னல் திறக்காத அறையில் பூஞ்சை வெகு சீக்கிரம் பிடித்துவிடும். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே நின்ற ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மோசம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க லாரிக்காரர் கேட்கும் தொகையையும் இரண்டு தடவைக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை வந்து கதவைத் திறந்து வைக்க ஆள் இருந்தால் மட்டும் மரச்சாமானை ஏற்றலாம்.

கேள்வி: குடோன்காரர் சாமானைச் சேதப்படுத்திவிட்டார். நான் இப்போது வெளியூரில் இருக்கிறேன். வழக்குக்காகச் சேலம் வர வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தர வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். சாமான் ஏற்றிய அன்று எடுத்த படங்களும் அவர்கள் கையெழுத்திட்ட பட்டியலும் கையில் இருக்கட்டும்.